கோன், பீன்

ஜம்பட்டா வீதியில் என் கொம்யூனிகேஷன் கடை.
போட்டோக்கொப்பி பதினைந்து, பிரிண்ட் முப்பது,
ஆங்கிலக் கடிதம் பக்கத்துக்கு இருநூறு.
சந்தேகம் கேட்கக் காசில்லை என்று
எங்கும் எழுதி ஒட்டவில்லை.
ஆனாலும் தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது.

என் இலக்கணம் முழுவதும்
ஒரு காப்புறுதிக் கம்பனியில்
ஆறு வருசம் தட்டச்சடித்த கையில்
ஒட்டிக்கொண்டது.
இன்றைக்கும் கொஞ்சம் அசந்தால்
விரல் தானாகவே கைன்ட்லி என்று தொடங்கும்.

காலையில் துறைமுகத்து அந்தோனிப்பிள்ளை:
"சின்ஸ் போடுறதா, ஃபோர் போடுறதா தங்கச்சி?
பதினொரு வருசமா ஒரே சம்பளம்."
தொடங்கிய நாளைச் சொன்னால் சின்ஸ்,
நீளத்தைச் சொன்னால் ஃபோர் என்றேன்.
"அப்ப நீளத்தையே போடுங்க.
தொடங்கின நாள் எனக்கே ஞாபகமில்ல."

டியூஷன் விட்டு வந்த பொடியன்
வெட்டிய விடைத்தாளோடு நின்றான்.
யெஸ்டர்டே மோர்னிங் சரியாம்,
யெஸ்டர்டே ஈவினிங் சரியாம்,
யெஸ்டர்டே நைட் மட்டும் பிழையாம். ஏன்?
தெரியாது மகன். லாஸ்ட் நைட் என்று எழுது.
"லாஸ்ட் என்றா கடைசி தானே மிஸ்?"
அவனுக்கு ஒரு டொபி கொடுத்தேன்.

சிவயோகமலர் அன்ரிக்கு வாடகைப் பலகை வேண்டும்.
"ஆன் அனெக்ஸ். ரெண்டு ஆன் வருதே,
ஒண்ட வெட்டினா என்ன? பலகையும் சின்னது."
வெட்டக்கூடாது என்றேன். விட்டுவிட்டா.
பிறகு, சைவம் மட்டும் என்று கடைசியில் போடச் சொன்னா.
சாப்பாடா, சமயமா அன்ரி?
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தா.
"ரெண்டும் வாற மாதிரி ஒண்டும் இல்லையா?"
இல்லை.
"சரி, அந்த ஒன்லியை எங்கே வைக்கிறது,
முன்னுக்கா, பின்னுக்கா?"
எங்கே வைத்தாலும் அது
வாசலில்தான் நிற்கும் என்று சொன்னேன்.
அவ சிரிக்கவில்லை.
சாப்பாட்டுச் சொல்லையே அடித்துக் கொடுத்தேன்.

மத்தியானம் கரண்ட் போய்
வந்த பிறகு
செலஸ்டீனா வந்தாள். வங்கிக்குக் கடிதம்.
கணவன் தோஹாவில்.
ஹாஸ் கோனா, ஹாஸ் பீனா என்று கேட்டாள்.

போய் அங்கேயே நிற்பவருக்குக் கோன்,
போய்த் திரும்பி வந்தவருக்குப் பீன்.
இந்தக் கேள்விக்கு
நான் தடுமாறியதே கிடையாது.

"போன நத்தாருக்கு வந்தவர்.
ஒன்பது நாள் நின்றவர்.
பெட்டியை முழுசாத் திறக்கல்ல.
சேட்டு ரெண்டை மட்டும் வெளியில எடுத்தவர்.
பத்தாம் நாள் போயிட்டார்.
அது எது அக்கா?"

வீதியில் ஒருவன் லொத்தர் விற்றுக்கொண்டு போனான்.
போயிட்டு வாறேன் என்று
வாசலில் நின்று நாம் சொல்வதில்
கோனும் இருக்கிறது, பீனும் இருக்கிறது,
ஆனால் அதை
வங்கிக் கடிதத்தில் எழுத முடியாது.

கோன்தான் சரி என்றேன்.
"பீன் என்று அடிங்க."
பிழை என்பார்கள்.
"அடிங்க அக்கா."

அடித்தேன். கைன்ட்லி இரண்டு தடவை வந்திருந்தது,
ஒன்றை எடுத்தேன்.

அடுத்த நாள் அதே கடிதத்தோடு வந்தாள்.
வங்கி அதிகாரி பீனை வெட்டி,
மேலே நீலப் பேனையால் கோன் என்று எழுதி,
பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் வைத்திருந்தார்.
இலக்கணப்படி அவர் செய்தது சரி.
என் மேசையில் இருந்து பார்த்தாலும் சரி.
இருநூறை எடுத்து நீட்டினேன்.
வாங்கவில்லை.

"வெட்டாதது கொம்பியூட்டர்ல இருக்கா?"
இருக்கிறது.
"அதுல ஒண்ணு எடுத்துத் தாங்க.
வங்கிக்கில்ல."

பிரிண்டர் சூடாக இன்னும் நேரம் எடுத்தது.
அவள் முப்பது ரூபாவை எண்ணி வைத்தாள்,
எல்லாம் ஐந்து ரூபாக் குற்றிகள்.