நூற்றுப் பன்னிரண்டு

ஐயப்ப சாமிகளின் வேன்களுக்குப் பின்னால்
குமுளி செக்போஸ்டில் எங்கள் ஜீப் நின்றபோது
தேனி ஆஸ்பத்திரியிலிருந்து போன்.
சின்னப் பெண் குரல்.
மூட்டு மாற்றி எட்டு மாதம் ஆகிறதாம்,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்
என் திருப்திக்கு ஓர் எண் வேண்டுமாம்.

ஜீப்புக்குள் பதினொரு பெண்கள்
பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.
மிச்சர் பொட்டலம்கூடச் சத்தம் போடவில்லை.

பாப்பா, கொஞ்சம் பொறு.

போன தை வரைக்கும்
இந்த வண்டியில் என்னை ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.
கையைப் பிடித்து ஒருத்தி இழுப்பாள்,
பின்னாலிருந்து மொக்கத்தாய் தள்ளுவாள்,
"அரிசி மூட்டை ஏறிருச்சு, வண்டிய எடு" என்பாள்.
இப்போது இடது காலை ஊன்றி நானே ஏறுகிறேன்.
ராத்திரி வலி எழுப்புவதில்லை.
விடிய நாலு மணிக்கு அலாரம்தான் எழுப்புகிறது,
அதைத் திட்டுவதில்கூட ஒரு சுகம்.

பயிற்சி கொடுத்த தம்பி
பிள்ளைகளின் ஜியாமெட்ரி பெட்டியில் இருப்பது போல
நீளமான ஒன்றை முட்டியோரம் வைத்து
முதல் வாரம் எழுபது என்றான்,
பிறகு தொண்ணூறு.
நூற்றுப் பன்னிரண்டு வந்த அன்று
அவனே கைதட்டினான்.
எந்தப் பரீட்சையிலும் நான் வாங்காத மார்க்.

ஆனால் நூற்றுப் பன்னிரண்டில்
ஒரு செக்போஸ்ட் இருக்கிறது, பாப்பா.
தமிழ்நாட்டு பஸ் குமுளியோடு நின்றுவிடும்,
அதற்கு மேல் இறங்கி நடக்க வேண்டும்.
என் முட்டியும் அப்படி.
ஏலச்செடியோ அதற்கு அந்தப் பக்கம்.
காய் பிடிப்பது தூரடியில், மண்ணோடு மண்ணாக;
குத்துக்காலிட்டுத் தட்டையை விலக்கினால்தான்
சரம் தெரியும்.
கங்காணி குரியாச்சன் என் நடையைப் பார்த்துச் சிரித்தார்,
"இரிக்கு சேச்சி" என்றார்.
பாதியில் நின்றேன்.
மறுநாளிலிருந்து ஸ்டோரில், ஸ்டூலில்,
காய் தரம் பிரிக்கிறேன்.
கூலியில் நூற்றைம்பது குறைவு.

அதுகூடப் பரவாயில்லை.
ஆடியில் மொக்கத்தாய் செத்துப்போனாள்.
கம்பத்தில் அவள் வீட்டு வாசலில்
தோளோடு தோள் கோத்து
வட்டமாய் உட்கார்ந்திருந்தார்கள் எல்லாரும்.
எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.
வரி கேட்க வந்த ஆபீசர் மாதிரி
அத்தனை தலைகளுக்கும் மேலே நான்.
குனிந்தேன், கை எட்டவில்லை.
ஒப்பாரி கீழே நடந்துகொண்டிருந்தது.
என்னைத் தள்ளி ஏற்றியவளுக்கு
மேலே இருந்து எப்படி அழுவது
என்று யாரும் பயிற்சி தரவில்லை.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?
எண் மட்டும் சொன்னாப் போதும்."

இதில் எதையும் நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.
வேன்கள் நகர்ந்தன. டிரைவர் கியரைப் போட்டார்.
இறக்கத்தில் சிக்னல் போய்விடும்.

எட்டு, என்றேன்.
"பத்தே குடுத்திருக்கலாம்ல" என்றாள் பின்னால் ஒருத்தி.
நன்றி சொல்லி வைக்கப் போனவளை நிறுத்தி
வலது காலுக்கு எப்போது வரட்டும் என்று கேட்டேன்.
அந்தக் கேள்வி அவள் தாளில் இல்லையாம்.
மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றாள்,
அல்லது அப்படி ஏதோ,
முதல் வளைவிலேயே குரல் துண்டு துண்டாகிவிட்டது.

போனை மடியில் போட்டுவிட்டு
வலது முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன்.
ஜீப் மலை இறங்கத் தொடங்கியது.