அடிக்கு நாலு ரூபாய்

ஊதியூர் தாண்டிக் கிழக்கே, சோளத்தட்டு அறுத்த காடு.
ஆயிரத்து முந்நூற்று நாற்பதடி போர்.
புகை மட்டும்தான் வந்ததாம்.
பொழுது இறங்கியபின் கேமராவை விட்டோம்,
பகலில் திரை தெரியாது.

நாற்பதில் கேசிங் பைப் முடிந்தது.
அப்புறம் பாறை. பாறை.
கருங்கல்லில் கோணலாக ஒரு வெள்ளை வரி.
பாறை.
கேபிளை விட்டுக்கொண்டே சவுண்டப்பன் கேட்டான்,
"அந்த வாயேஜர் இப்ப எங்கீங்ணா போவுது?"
போன வாரம் டீக்கடையில் நான் ஆரம்பித்த பேச்சு.

"அதுல தங்கத்தட்டு ஒண்ணு இருக்குது.
அம்பத்தஞ்சு பாஷையில கும்பிடு போட்டு அனுப்பியிருக்காங்க.
தமிழ் இல்ல."
"இல்லீங்களா?"
"கன்னடம் இருக்குது."
சிரித்தான். தேவாங்கர் வீடு, அடுப்படியில் கன்னடம்தான்.
"அப்ப எங்கம்மா பேசுனா அவங்களுக்குப் புரியுமுங்க."
எவங்களுக்கு என்று நான் கேட்கவில்லை.

எண்ணூற்று எழுபதில் ஈரம்.
நிறுத்தினோம்.
விளக்கு வட்டத்துக்குள்
ஒரு விரல் அகலத்துக்குப் பாறை வேர்த்திருந்தது.
காட்டுக்காரர் சாமியாத்தாள் கட்டிலை விட்டு எழுந்து வந்தார்.
போதாதுங்க, என்றேன்.
அவர் திரும்பிப் போய் உட்காரவில்லை.

அதன் கேமராக்களை
முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே அணைத்துவிட்டார்கள்.
பார்க்க ஒன்றுமில்லை, கரண்ட் மிச்சம்.
வருஷத்துக்கு நாலு வாட் குறைகிறதாம்.
சூடாக்கியை நிறுத்தி, ஒரு கருவியை நிறுத்தி,
மீதியில் காது கொடுத்துக்கொண்டு போகிறது.
சூரியக்காற்று முடிந்த எல்லையை
அது கண்ணால் பார்க்கவில்லை,
வெளியின் முனகல் மாறியதில் தெரிந்தது.
அதையும் ஒரு ஃபிரிட்ஜ் பல்பின் தெம்பில்தான்
சொல்லி அனுப்பியது.

ஆயிரத்து முந்நூற்று முப்பத்தெட்டு.
கொஞ்சம் சேறு. கேமரா உட்கார்ந்தது.
இறங்க நாற்பது நிமிஷம்.
அதற்குள் அங்கே
நாற்பதாயிரம் கிலோமீட்டர் போயிருக்கும்,
பூமியை ஒரு சுற்று சுற்றுகிற தூரம்,
மேலே நின்று யாரும் கேபிள் விடாமல்,
திரும்ப இழுக்க ஒரு கை இல்லாமல்.

"என்னுங்க தெரியுது?"
ஒண்ணுமில்லீங்க என்றுதான் வழக்கமாகச் சொல்வேன்.
"இருட்டுத் தெரியுதுங்க," என்றேன்.

சேலை முந்தானையால் திரையில் படிந்த புழுதியைத் துடைத்துவிட்டு
குனிந்து பார்த்தார் சாமியாத்தாள்.
உருண்டையாக வெளிச்சம், நடுவில் அது.
எட்டு லட்சம் ஆகியிருக்கும்.

சவுண்டப்பன் வின்ச்சில் கை வைத்தான்.
"சித்தெ இருங்க தம்பி," என்றார்,
"உடனே எடுத்தராதீங்க."

அடிக்கு நாலு ரூபாய் எங்கள் ரேட்.
நிற்கிற நேரத்துக்கு வாங்குவதில்லை.