ஒன்பது பச்சை

ஹோலெட்டா ஆய்வகத்தின் தகரக் கூரையில்
ஹம்லே மாத மழை.
உள்ளே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
வெள்ளை. வெள்ளை. பச்சை.
வெள்ளை. வெள்ளை. வெள்ளை.

கதிர் வெளியே எட்டிப் பார்க்குமுன்
உறையோடு அறுத்து வந்த பார்லி.
மூன்று வாரம் குளிர்பெட்டியில் கிடந்தது,
உணவு வைக்காதீர் என்ற எச்சரிக்கைக்குப் பின்னால்
யாரோ வைத்த தயிருக்குப் பக்கத்தில்.

குளிரில் கிடந்த மகரந்தத்துக்குத்
தான் யாரென்பது மறந்துபோகும்.
சூல்முடியில் விழ வேண்டிய தூள்
சர்க்கரைக் கூழில் விழுந்து
தகப்பனாகும் வேலையை விட்டுவிட்டுத்
தானே பிள்ளையாகிவிடும்.
இதைச் சொன்ன அன்று
அம்மா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

வெள்ளை நாற்றுக்கு
வேர் உண்டு, இலை உண்டு,
அழகு பச்சையைவிட ஒரு பிடி அதிகம்.
வட்டில் சர்க்கரை உள்ளவரை வளரும்.
வெயிலைச் சமைக்கத் தெரியாது;
மண்ணில் வைத்தால் பத்தே நாள்.
பார்லிக்கு ஏன் இந்தக் கோபம் என்றால்
முனைவர் டெஷாலே கையை விரிக்கிறார்.

இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளை.
ஒன்பது பச்சை.
வெள்ளையை அவித்துக் கொட்டும் வேலைக்கு
நான் வேறு யாரையும் அனுப்புவதில்லை.

ஏழு குரோமோசோம் பதினாலாக வேண்டும்,
இல்லையென்றால் மலடு.
ஒன்பதின் வேருக்கும் கொல்ச்சிசின் குளியல்,
ஐந்து மணி நேரம்.
அன்றைக்கென்று மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் அறைச் சாவி பெக்கெலேயிடம்,
பெக்கெலே ஒரு சாவு வீட்டில்.
கைப்பேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
அந்த வெளிச்சத்தில் விஷத்தைக் கழுவினேன்.

பிழைத்தவை நான்கு.
நான்கும் கதிர் விட்டன.
ஏழெட்டு வருஷம் விதைத்து விதைத்துத்
தேற வேண்டிய கலப்பில்லாத வித்து
ஒரே பருவத்தில்.
இலைக்கருகல் அண்டவில்லை.
டெஷாலே எல்லோருக்கும் காப்பி வாங்கினார்,
அவர் வாங்குவது அபூர்வம்.

அறுப்புக்கு முன்னால்
மென்ஸ் மேட்டிலிருந்து எஷேத்து வந்தார்.
கதிரை உருவிப் பார்க்கவில்லை.
வரப்பில் நின்று
பயிரைத் தன் முழங்காலோடு ஒட்டி அளந்தார்.
“அஸ்கலெச், இவ்வளவுதானா வைக்கோல்?
கோடை முழுக்க என் கழுதை
உங்கள் பதிவேட்டையா தின்னும்?”

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பதிவேட்டில்
விளைச்சலுக்குக் கட்டம் உண்டு,
நோய்க்கு உண்டு,
ஆயிரம் மணி எடைக்குக்கூட உண்டு.
இரவு, பென்சிலால்
ஓரத்தில் இன்னொரு கோடு இழுத்தேன்.
காலையில் பார்த்த டெஷாலே
அழி என்று சொல்லவில்லை,
பேனாவால் எழுது என்றும் சொல்லவில்லை.

தாள் உயரம், சென்டிமீட்டரில்.