ஒரு மூச்சு, பதினாறு தடவை

அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏறினோம், ஆறே பேர்.
எஸ்டேட் கணக்கு முடிக்கப் போகும் நான்,
மிளகு வியாபாரி ஒருவர்,
தட்டுவடை செட்டைப் பிரித்து
பீட்ரூட் சிந்தாமல் தின்னப் பார்க்கும் கல்லூரி ஜோடி,
ஏறியதுமே தூங்கிப்போன ஒருவர்,
டிரைவர் செங்கோட்டுவேல்.

இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பாட்டைப் போட்டார்.
எல்லோருக்கும் தெரிந்த பாட்டுதான்.
எனக்குத் தெரிந்த விதம் வேறு.
டிரம்ஸ் முன்னால் தூண் மாதிரி நிற்க
பாடுகிறவர் அதன் பின்னாலிருந்து
எட்டி எட்டிப் பார்த்தார்.

"கொலை பண்ணிட்டானுங்க" என்றார் மிளகுக்காரர்.
"என்னதான் தட்டினாலும் ஒரிஜினல் மாதிரி வருமா?"
"மலை ஏற இதுதாங்க தோது.
ஒரிஜினலைப் போட்டா
செகண்ட் கியர்லயே தூக்கம் வருது."
கல்லூரிப் பெண் நிமிர்ந்து கேட்டாள்:
"இதுக்கு ஒரிஜினல் வேற இருக்கா?"

நான் வாயைத் திறக்கவில்லை.
ஜன்னலுக்குக் கீழே சேலம்
வெயிலில் காயப்போட்ட ஜவ்வரிசி போல
வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது.

எண்பத்தேழில், சூரமங்கலம் கோயில் பாடற்குழுவிலிருந்து
ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு ரயிலேறியவள் நான்.
கோடம்பாக்கத்தில் நாலு பெண்களுக்கு ஒரு மைக்.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
எட்டு விநாடி ஹம்மிங், அவ்வளவுதான்.
"ஓரடி தள்ளி நில்லும்மா, உன் மூச்சு விழுது"
என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு கை அசைந்தது.
தள்ளி நின்றேன்.
எழுபத்தைந்து ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல்
அமலோற்பவம் என்று முழுசாகக் கையெழுத்துப் போட
இடம் போதவில்லை.
கேசட் உறையில் 'குழுவினர்' என்றிருந்தது.

அந்த எட்டு விநாடிக்காக
ஒரிஜினலை உயிராய் நேசித்தேன் என்றால் பொய்.
தேடித் தேடி அலுத்திருக்கிறேன்.
நாலு குரலையும் மாவாகப் பிசைந்துவிட்டார்கள்,
ஹெப்சிபா எங்கே முடிகிறாள், நான் எங்கே தொடங்குகிறேன்,
எனக்கே தெரியாது.

பதினோராம் வளைவு.
அந்த இடம் வந்தது. ஹம்மிங் இல்லை.
வெட்டி எடுத்திருக்கிறான்.
அதற்குப் பதில் ஒரு 'ஹ்'.

என்னுடையது.

முன்பல் ஓரம் அப்போது உடைந்திருந்தது.
உள்ளே இழுத்தால் நுனியில் ஒரு சின்ன விசில் வரும்.
அந்த விசிலோடு அப்படியே,
ஹ், ஹ், ஹ்,
டிரம்ஸுக்கு இடையில் பதினாறு தடவை.

செவ்வாய்ப்பேட்டையில் பழைய கொலுசைப் போட்டுப்
புதுசு வாங்கினால் சேதாரம் கழிப்பார்கள்.
கழித்தது எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை.
பட்டறைத் தரையைக் கூட்டி,
அந்த மண்ணையும் விலை பேசி வாங்கி,
அரித்து வெள்ளி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.
யாரோ ஒரு பையன்,
நான் வேலையில் சேர்ந்தபோது பிறந்திருக்கக்கூட மாட்டான்,
எங்கள் தரையைக் கூட்டியிருக்கிறான்.

காது அடைத்துக்கொண்டது. மலை ஏறினால் அடைக்கும்.
கேட்டது நிஜமா என்று சந்தேகம் வந்துவிட்டது.
"தம்பி, அதை மறுபடி போட முடியுமா?"
"ஒரிஜினலும் போன்ல இருக்குக்கா, போடட்டா?"
மிளகுக்காரர் ஆவலாகத் திரும்பினார்.
"வேண்டாம். இதையே."

இரண்டாம் முறை எண்ணினேன்.
பதினாறு தடவை உள்ளே இழுக்கிறேன்.
ஒரு தடவைகூட வெளியே விடவில்லை அவன்.
அங்கே விட்டேன், யாருக்கும் கேட்கவில்லை.
இங்கே கேட்கிறது,
நெஞ்சு முட்ட நிற்கிறேன்.

பத்தொன்பதாம் வளைவில் எச்சில் விழுங்கினேன்.
காது படக்கென்று திறந்தது.
பாட்டு மாறிவிட்டிருந்தது.
"என்ன இருந்தாலும்..." என்று
மிளகுக்காரர் இன்னும் முடிக்கவில்லை.