நாலிலும் எட்டிலும்

கறுவா என்றுதான் பேர் வைத்தேன், நிறத்துக்கு.
இந்தக் கிழமை கருவாடு.

திங்கள் காலை,
வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி ஃபிளாட்.
முன்காலிரண்டையும் ஊன்றிப்
பின்காலிரண்டையும் கூரைக்கு நீட்டி
தரையோடு குண்டியைத் தேய்த்தபடி
ஹோலிலிருந்து குசினி வரை
வள்ளம்போலப் போனது.
சிரித்தேன். வீடியோவும் எடுத்தேன்.

மறுநாள் வெள்ளை டைலில் கபில நிறக் கோடு,
வாக்குமூலத்தில் யாரோ அடிக்கோடிட்டதுபோல.
இரவெல்லாம் நக்கல் சத்தம்.
குழாய் ஒழுகுகிறதென்று
இரண்டு தரம் எழும்பிப் பார்த்தேன்.
வியாழன், மடியில் ஏறி
இருக்கப் பார்த்து
இருக்காமல் இறங்கியது.

ஓட்டோவில் கூடையை அணைத்துக்கொண்டிருந்தேன்.
ஹவ்லொக் வீதிச் சிக்னலில் ரவூஃப்
கண்ணாடிக்குள்ளால் பார்த்துக் கேட்டார்:
"மிஸ், சாளையா, சூடையா?"
"பூனை."
அதற்குப் பிறகு திம்பிரிகஸ்யாய வரை
தலையை வெளியே வைத்தே ஓட்டினார்.

புதுக்கடைக் கோட்டில்
பத்தொன்பது வருஷம் மொழிபெயர்ப்பாளர் நான்.
கத்தியின் நீளமோ காணி உறுதியின் எல்லைகளோ
என் வாயில் தடக்குப்பட்டதில்லை.
டொக்டர் நிலூகா சிங்களத்தில்
என்ன வருத்தம் என்று கேட்க,
அந்த இடத்துக்கு என்னிடம் சொல் இல்லை.
வசைச்சொல் ஒன்று இருந்தது. விழுங்கினேன்.
தமிழிலும் தேடினேன்.
ஆசனவாய், சுரப்பி
என்று நாறாத சொற்கள்தான் வந்தன.
கடைசியில் என் சாரியின் பின்பக்கத்தை
நானே தொட்டுக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை.
கையுறை மாட்டி வஸ்லின் தடவினார்.
"வாலுக்குக் கீழே ஒரு மணிக்கூடு இருக்கென்று நினையுங்கோ.
நாலு மணியில ஒரு பை, எட்டு மணியில ஒரு பை.
இதுக்கு எட்டு அடைச்சிருக்கு."
கழுத்து மடிப்பைப் பிடித்தேன்.
இரண்டு விரலுக்கு நடுவே
பற்பசைபோலத் தடிப்பாக,
துறைமுகத்தடியில் எப்போதோ செத்த ஏதோ ஒன்று
வெளியே வந்தது.
கறுவா போட்ட சத்தத்தில்
வாசலில் காத்திருந்த லப்ரடோர்
கதிரைக்குக் கீழே போனது.

ஏனென்று தெரியாது,
அப்போதுதான் அந்தப் பின்னேரம் வந்தது.
ஐந்தாறு வருஷமிருக்கும்.
ரிமாண்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள்.
நீதவான் இருக்கச் சொன்னார்.
"இருக்க ஏலாது ஐயா."
அவருக்கு நிற்கத்தான் விருப்பமாம் என்று
சுத்தமான சிங்களத்தில் சொன்னேன்.
மின்விசிறி சுற்றியது.
வழக்குக்குத் தவணை போட்டார்கள்.
பிழையென்று யாரும் சொல்லவில்லை.
ஏட்டில் இன்னும் அப்படித்தான் இருக்கும்,
நிற்க விருப்பம்.

பில் நாலாயிரத்து எண்ணூறு.
பூசணிக்காயை அவித்து மசித்துச் சாப்பாட்டில் ஒரு கரண்டி.
காலையும் பின்னேரமும் இளஞ்சூட்டுத் துணி. பூச்சி மருந்து.
நிறை அரைக் கிலோ குறைய வேணும்
(பூனைக்குத்தானே என்று கேட்டு உறுதிப்படுத்தினேன்).
வீங்கினால், இரத்தம் கண்டால், அன்றைக்கே வர வேணும்.
சீட்டின் பின்பக்கம்
அந்த இடத்துக்கான சிங்களச் சொல்லையும் எழுதித் தந்தார்.
நீளமான சொல். ஓட்டோவில் வரும்போது
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

இரவு, கடற்கரைப் பக்கம் கடைசி ரயில் போகையில்
கறுவா ஜன்னல் கட்டில் ஏறி
மூன்று தரம் சுற்றி
ஒரு பக்கம் சரிந்து, பிறகு மற்றப் பக்கம்,
மெல்ல
இருந்தது.

கையைத் தேசிக்காயால் தேய்த்தேன், பிறகு டெட்டோல்.
மணம் போகவில்லை.
அந்த ஆளின் பேர்
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பூசணியை அது தொடவில்லை.
நான் தின்றேன்.