மூழ்கிய கணக்கு

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
எங்கள் ஓவியக் கூடத்தில் கூட்டம் சேரும்.
சரக்கு வண்டிக்கு ஐம்பது பெட்டி இருந்தால்
ஐந்து பேராவது உள்ளே வருவார்கள்,
நிழலுக்கு.
வருகைப் பதிவேட்டை நீட்டுவோம்.
"கையெழுத்தா? எதுனா கேஸா?" என்பார்கள்.

முன்பு இது வெங்காய மண்டி.
நாலு கோட்டு வெள்ளை அடித்தும்
ஈரக்காற்று வீசினால் சுவருக்குப்
பழைய தொழில் ஞாபகம் வந்துவிடும்.
படத்தின் முன் நின்று கண்கலங்குபவர்களை
நாங்கள் முழுதாக நம்புவதில்லை.

தேசப்பன் யார்டில் கிரேன் ஓட்டுகிறான்.
இருபது டன் பெட்டியை
முட்டை போல் இறக்கி வைப்பவன்,
ஒரு சட்டத்தைக் கோணாமல் மாட்ட
மூன்று டீ குடிப்பான்.
விளக்கெல்லாம் முனீரா பொறுப்பு,
கல்யாண மண்டபத்தில் கழித்துப்போட்டதை
அவள்தான் பேரம் பேசி வாங்கிவந்தாள்.
சாவி கிளாடிஸிடம்.
சாவி என்றால் பெருக்குவது, பூனை விரட்டுவது,
நன்கொடை கேட்கப் போன ஆபீசில்
இரண்டு மணிநேரம் உட்கார்ந்துவிட்டு
காலண்டரோடு திரும்பி வருவது.

நான் பொருளாளர்.
பகலில் அடகுக் கடையில் கணக்கெழுதுகிறேன்.

சம்பளம் யாருக்கும் கிடையாது.
அதனால் யாரையும் வேலையைவிட்டு
நிறுத்தவும் முடியாது.
மாதம் ஒரு சண்டை இதை வைத்துத்தான்.

அந்த டிசம்பரில்
இரவு இரண்டு மணிக்குக் கால்வாய்
கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது.
முப்பத்தொரு படம்.
தெருவில் மாடி உள்ள வீடு ஏழு.
இடுப்பளவுத் தண்ணீரில் வரிசை கட்டி
தலைக்கு மேல் தலைக்கு மேல் கைமாற்றினோம்.
சித்திரம் என்றால் என்னவென்று
எங்களை மூன்று வருடமாகக் கேலி செய்த
கறிக்கடை ஜிலானிதான்
"தல, மூலை இடிக்குது, மெதுவா" என்று கத்தினான்.

மாடிப்படியில் உட்கார்ந்து
செல்போன் வெளிச்சத்தில் நான் ரசீது எழுதினேன்.
பெயர், பொருள், இருக்கும் நிலை.
கைப்பழக்கம்.
வட்டி என்ற கட்டத்தில் மட்டும்
ஒரு கோடு.

நாலாம் நாள் வடிந்தது.
முப்பது படம் திரும்பி வந்தது.
ஒன்றின் நெற்றியில் குங்குமம்.
ஒன்றின் முதுகில் ஏழாம் வாய்ப்பாடு, பென்சிலில்.

வராதது நாகபூஷணம் வரைந்தது.
லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அவன் மனைவியை வரைந்தான்:
தையல் மெஷின் முன் அவள் முதுகு,
படம் முழுக்க முதுகு.
அது போன வீடு இருசம்மாவுடையது.
அரிசி குடோனில் சிந்தினதைக் கூட்டுகிற வேலை.
போய்க் கேட்டேன்.
"எப்பனா திரும்புவாள்னு பாத்துனே இருக்கேன்.
இப்பப் போய்த் தூக்கினு போறேன்னா?" என்றாள்.

செயற்குழு கூடியது.
பொதுச் சொத்து, வாங்கியே ஆகணும் என்றான் தேசப்பன்.
கிளாடிஸ் எழுந்துபோய்ப் பூனையை விரட்டினாள்,
பூனை அன்றைக்கு வரவில்லை.
முனீரா நேரில் பார்த்துவிட்டு
கோபமாக வந்தாள்:
"அவங்க வீட்டு டியூப்லைட்டு
நம்ம லைட்டைவிட நல்லா விழுது."
நாகபூஷணத்துக்குப் போன் போட்டோம்.
ஸ்ரீபெரும்புதூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான்.
"வெல கேட்டாங்களா?"
இல்லை.
"பாக்குறாங்களா?"
தினமும்.
ஹாரன் சத்தம் கொஞ்ச நேரம் வந்தது.
"இருக்கட்டும் சார்."

கெடு தாண்டியும் மீட்காத நகையை
எங்கள் கடையில் மூழ்கிப்போச்சு என்போம்.
வெள்ளத்தில் எங்களுக்கு ஒரு படமும் மூழ்கவில்லை.
தண்ணீர் வடிந்த பிறகு
ஒன்று மூழ்கியது.
அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.
ஆடிட்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்.

போன ஞாயிறு கேட் மூடியபோது
இருசம்மா வந்தாள், முதல் தடவையாக.
எதையும் பார்க்கவில்லை.
காலியாக நிற்கும் ஆணிக்கு நேரே போய் நின்று,
"இன்னும் திரும்பல" என்றாள்,
ஏதோ தவணை சொல்ல வந்தவள் போல.

வருகையில் எழுதுவதா
வரவில் எழுதுவதா என்று
நான் பேனாவைத் திறப்பதற்குள்
கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.