எதிராளியின் மறுமொழி

பிஸ்கல் வந்தபோது கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
விரலைச் சீலையில் துடைத்துக்
கையெழுத்துப் போட்டேன், அப்படியும்
தாளில் கொஞ்சம் மண் போனது.

திலகவதனி என்ற என் பெயரைத்
திலகவேதனி என்று அடித்திருந்தார்கள்.
அதற்குக் கீழே: எதிராளி.

கலாமதிக்கு மாசியிலேயே வந்தது.
"போகாதை, போனால் கடனை ஒத்துக்கொண்டதாகிவிடும்"
என்று யாரோ சொன்னதை நம்பி
அடுப்படி இறப்பில் செருகிவிட்டாள்.
கிளிநொச்சி நீதிமன்றத்தில்
அவள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்களாம்.
எங்கள் ஒழுங்கைக்கு அது கேட்கவில்லை.
ஒருதலைத் தீர்ப்பு.
ஒருதலை என்ற சொல் காதலுக்கு மட்டும்தான் என்று
அதுவரை நினைத்திருந்தேன்.

ஆறே காலுக்கு அக்கராயன் பஸ்.
மடியில் ஒரு மாப்பேணி.

சட்ட உதவிக் கந்தோரில் அபிரா மிஸ்.
என் மூத்தவளை விட இரண்டு வயது கூட இருக்கும்.
"பெயர் பிழை, வழக்கு நிற்குமோ?"
"நிற்கும் அக்கா."
வழக்குரையில் பதினொரு பந்தி.
மறுமொழிக்கு மூன்று சொல் போதுமாம்:
ஏற்கிறோம். மறுக்கிறோம். அறியோம்.

கம்பனியின் தலைமையகம் கொழும்பில் உள்ளது.
"கொழும்புக்கு ஒருக்கால் போனனான் மிஸ்,
ஒரு படத்தைப் பிடிச்சுக்கொண்டு ரோட்டில் நிக்க."
அறியோம், என்று எழுதினா.

எதிராளி அறுபதினாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டார்.
ஓம். தண்ணி மோட்டருக்கு.
இரண்டு போகம் இறைத்தது.
முதலில் கிணறு செத்தது, பிறகு மோட்டர்.
பேனை ஏற்கிறோமோடு நின்றுவிட்டது.

பலமுறை கேட்டும் வேண்டுமென்றே செலுத்தத் தவறினார்.
கேட்டது உண்மை.
விளக்கு வைத்த பிறகும் படலையடியில் நிற்பான் அந்தப் பொடியன்.
நான் காசு கொடுக்காமல் தன்னால் போகேலாது என்பான்.
ஒருநாள் சோறு போட்டேன்,
கருவாட்டுக் குழம்பு. இரண்டாந்தரமும் வாங்கினான்.
"பந்தியில் பாதியை ஏற்கலாம் அக்கா,
பாதியை மறுக்கலாம்."
வேண்டுமென்றே என்ற சொல்லின் கீழே
கோடு போட்டா.

எதிராளி பத்தொன்பது தவணை மட்டுமே செலுத்தினார்.

மாப்பேணியைத் திறந்தேன்.
கிழமைக்கு ஒன்றாய்,
எண்ணெய் பட்டது, எறும்பு தின்றது,
திகதி மங்கி வெள்ளையாய்ப் போனது.
அவ எண்ணினா. பிறகு நான் எண்ணினேன்.
நாற்பத்திநாலு.

"எல்லாத்தையும் எப்படி வைச்சிருந்தனீங்கள்?"

உறுதி, பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு
எல்லாம் ஒரே பையில் இருந்தன.
பை மாத்தளனில் போனது.
அதற்குப் பிறகு நான்
பஸ் ரிக்கற்றைக்கூட எறிவதில்லை.

இதுவும் மறுமொழியில் வராது.
அந்தப் பந்திக்கு எதிரே ஒரே ஒரு சொல்:
மறுக்கிறோம்.

அப்படி ஒரு சொல் என் வாய்க்குள் இருந்ததில்லை.
முகாமில், கச்சேரியில், வங்கியில்
நீட்டிய எல்லாப் படிவத்திலும்
காட்டிய இடத்தில் கையெழுத்திட்டவள்.
வாசித்துப் பார்த்தேன்.
நான் ஒருத்தி. சொல் பன்மையில் நின்றது.

வெற்றி இல்லை இது.
ஆடியில் திரும்ப வரச் சொல்லி
ஒரு திகதி தந்தார்கள், அவ்வளவுதான்.
அசல் ரசீதெல்லாம் மிஸ்ஸிடம்.
வெறும் பேணி பஸ்ஸில் சத்தம் போட்டது.

இறங்கி, வீட்டுக்குப் போகாமல்
கலாமதியிடம் போனேன்.
தீர்ப்பு கையில் கிடைத்து மூன்று நாள்.
"பதினாலு நாளுக்குள்ளை போனால் கேட்கலாமாம்.
உன்னட்டை ரசீது இருக்கோ?"

அவள் என்னைப் பார்க்கவில்லை.
இறப்பில் கை விட்டாள், உரப் பையை உதறினாள்,
சாமிப் படத்தைத் திருப்பினாள்.
ஏழு.

ஏழையும் சுளகில் பரப்பி
காற்றுக்குப் பறக்காமல்
ஆளுக்கொரு பக்கம்
கை வைத்துக்கொண்டிருந்தோம்.